நிக்காஹுக்கு முன் எழுதுங்கள்



இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் வட சென்னைப் பகுதியில் வாழ்வோரின் பிழைப்பு எழுத்தை நம்பியே நடக்கிறது. துறைமுக வாயிலைச் சரக்குப் பெட்டி ஒன்று கடக்க வேண்டுமானால், அதற்குரிய சீட்டு வேண்டும். லாரி வாங்குவோர் தவணைக் கடன் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் இடுகின்றனர். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்தாலும், பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, முன்பணத்தைக் குறித்து, இரு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறோம். அடகுக் கடை ரசீதைக் கூடப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைக்கிறோம்.

இத்தனை எச்சரிக்கையுள்ள நாம், பெற்று வளர்த்த மகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் நாளில் எழுதிக் கொள்வது என்ன? நிக்காஹ் தப்தரில் மணமக்களின் பெயர், தந்தையரின் பெயர், வலீ, சாட்சிகள், மஹர் என்னும் இடத்தில் ஒரு வரி, அவ்வளவே. பெண் தன் படிப்பை முடிக்கலாம் என்று சொன்னதும், தனிக் குடித்தனம் வைப்பதாக ஒப்புக் கொண்டதும், மாப்பிள்ளை கப்பலுக்கோ வளைகுடா நாட்டுக்கோ சென்றால் மாதந்தோறும் செலவுக்கு அனுப்புவதாக வாக்களித்ததும் பேச்சோடு நின்று விடுகின்றன. நிச்சயம் பேசிய அன்று பத்துப் பேர் கேட்ட வாக்கு, இரண்டாண்டு கழித்துப் பஞ்சாயத்து என்று வரும்போது ஒருவர் நினைவிலும் இருப்பதில்லை.

நிக்காஹுக்கு முன் இரு வீட்டாரும் பேசி ஒப்புக் கொண்டவற்றை எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக் கொள்ள வேண்டும் என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து. இதனைக் கேட்டவுடன், “இது மேல்நாட்டு நாகரிகம் அல்லவா?” என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அன்று, இது நம் மார்க்கத்தின் நெறியே ஆகும்.

மத்யன் நகரில் நடந்த உடன்படிக்கை

திருமறையின் 28ஆம் அத்தியாயமான அல்கஸஸில் ஒரு திருமணப் பேச்சு இடம்பெற்றிருக்கிறது. எகிப்தை விட்டுத் தப்பி வந்த ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள், மத்யன் நகரின் நீர்த்துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டி உதவுகிறார்கள். அப்பெண்களின் முதிய தந்தையார் அவர்களை வீட்டுக்கு அழைத்து, தம் மகளிருள் ஒருவரை மணமுடித்துத் தர முன்வருகிறார்கள். அந்த முதியவர் ஹஜ்ரத் ஷுஐப் (அலை) அவர்களே என்பது விரிவுரையாளர் பலரின் கூற்று. மணத்துக்கு ஈடாக எட்டு ஆண்டுகள் தம்மிடம் பணி செய்ய வேண்டும் என்றும், பத்தாகப் பூர்த்தி செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றும், தாம் அவர்களைச் சிரமத்துக்கு உள்ளாக்க விரும்பவில்லை என்றும் அந்தத் தந்தையார் தெளிவாகக் கூறுகிறார்கள். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றம் இல்லை என்பதை மூஸா (அலை) அவர்கள் உறுதி செய்து கொண்டு, பேசியதற்கு அல்லாஹ்வையே பொறுப்பாளனாக ஆக்குகிறார்கள்.

இந்த வசனங்களைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். கட்டாயமானது எது, விருப்பத்துக்கு விடப்பட்டது எது என்று பிரித்துப் பேசப்பட்டது. காலம் எண்ணிக்கையில் சொல்லப்பட்டது. தன் கடமையின் எல்லை எதுவரை என்று மணமகன் தாமே வாய் திறந்து சொன்னார். பேசியவர்களில் ஒருவர் இறைத்தூதர். மற்றவரும் இறையச்சம் மிக்க பெரியவர். அத்தகையோர் இடையிலும், “நமக்குள் எதற்கு இந்தப் பேச்சு?” என்ற சொல் எழவில்லை. நபிமார்களுக்கு அவமானமாகத் தோன்றாத ஒன்று நமக்கு மட்டும் ஏன் அவமானமாகத் தோன்ற வேண்டும்?

நிபந்தனையும் அதன் எல்லையும்

அந்நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனம், திருமணத்தை உறுதி வாய்ந்த வாக்குறுதி என்று குறிப்பிடுகிறது. அல்மாயிதாவின் முதல் வசனம், செய்து கொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. அல்பகராவின் 282ஆம் வசனமோ, தவணைக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறும், அது சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வு அடைய வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. பின்னால் தருவதாகச் சொல்லப்படும் மஹர் கணவனின் மீது நிற்கும் கடன் அல்லாமல் வேறென்ன?

ஒரு பெண்ணைத் தமக்கு ஆகுமாக்கிக் கொள்வதற்காக ஏற்ற நிபந்தனைகளே, மற்றெல்லா நிபந்தனைகளையும் விட நிறைவேற்றத் தகுதி வாய்ந்தவை என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. மனைவியை அவளுடைய வீட்டிலேயே இருத்துவதாக நிபந்தனை ஏற்று மணந்த ஒருவர், பின்னர் அவளை வேறிடம் அழைத்துச் செல்ல முற்பட்ட வழக்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் அந்த நிபந்தனையின் பக்கமே நின்று தீர்ப்பளித்தார்கள்.

ஆயினும் நிபந்தனை என்ற பெயரில் எதையும் எழுதிவிட முடியாது. இறை வேதத்துக்கு முரணான நிபந்தனை, நூறு முறை விதிக்கப்பட்டாலும் வீணானதே என்பதைப் பரீரா (ரலி) அவர்களைப் பற்றிய நபிமொழி தெளிவாக்குகிறது. மணமகனின் முன்னைய மனைவியை விலக்க வேண்டும் என்று மற்றொரு பெண் கேட்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மனைவி செலவுக்குக் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்குவதும் செல்லாது. ஆகுமானதைத் தெளிவாக்கும் நிபந்தனைக்கு இடமுண்டு. கடமையை அழிக்கும் நிபந்தனைக்கு இடமில்லை என்பதே அளவுகோல்.

இதன் செயல்முறையில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கிடையே வேறுபாடு உண்டு. வட சென்னையில் ஹனபிகளும் ஷாபிஈகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வதால், அதனை அறிந்து கொள்வது நலம். ஹன்பலி மத்ஹபின்படி, வெளியூர் அழைத்துச் செல்வதில்லை, இன்னொரு மணம் முடிப்பதில்லை என்பன போன்ற நிபந்தனைகளைக் கணவன் மீறினால், மணத்தை முறித்துக் கொள்ளும் உரிமை மனைவிக்கு உண்டு. ஹனபி மத்ஹபில் அந்த உரிமை இல்லையாயினும், மீறியவனுக்குப் பொறுப்பு உண்டு. நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயா நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஊரை விட்டு அழைத்துச் செல்வதில்லை என்ற நிபந்தனையின் பேரில் ஒரு பெண் ஆயிரம் மஹருக்குச் சம்மதிக்கிறாள். கணவன் சொல்லைக் காத்தால் ஆயிரம். காக்காவிட்டால், அவள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாக உள்ள மஹரைக் கொடுக்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபிலோ நிக்காஹ் நிறைவேறும்; அத்தகைய நிபந்தனையும், அதனோடு பேசிய மஹரும் விழுந்து, வழக்கமான மஹர் கடமையாகும். ஷாபிஈகளுக்கு உரிய வேறொரு வழியைப் பின்னர்க் காண்போம்.

எழுதப்பட்ட நிபந்தனையின் வலிமைக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. அப்பாஸியக் கலீபா அபூ ஜஅபர் அல்மன்ஸூர், ஆட்சிக்கு வருமுன் உம்மு மூஸா என்னும் பெருமாட்டியை மணந்தபோது, அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு மனைவியோ அடிமைப் பெண்ணோ கொள்வதில்லை என்று எழுதிச் சாட்சியும் வைத்தார். கி.பி. 754இல் கலீபாவான பின்னர், அந்த நிபந்தனையிலிருந்து விடுபட மார்க்கச் சட்ட வல்லுநர்களிடம் வழி தேடினார், கிடைக்கவில்லை. அந்த அம்மையார் மறையும்வரை அது நின்றது என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். பெரும் பேரரசை ஆண்டவரையே கட்டி நிறுத்தியது சாட்சியோடு கூடிய ஓர் ஏடு என்பதை எண்ணிப் பாருங்கள்.

மஹரை எடையில் எழுதுங்கள்

இனி, எழுத வேண்டியவை எவை என்று பார்ப்போம். முதலிடம் மஹருக்கே உரியது. மணக்கொடையை மனமுவந்து பெண்களிடமே கொடுத்துவிடுமாறு அந்நிஸாவின் 4ஆம் வசனம் ஆணையிடுகிறது. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கு வழங்கிய மஹர் 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வெள்ளிக்குச் சமம். எளிய வாழ்வு நடத்திய நபிகளாரின் இல்லத்திலேயே அவ்வளவு வழங்கப்பட்டிருக்க, நம் தப்தர்களில் ஒரு நாள் கூலிக்கும் போதாத தொகைகளைக் காணும்போது, பெண்ணின் உரிமையை ஒரு சடங்காகச் சுருக்கி விட்டோமோ என்ற கவலை எழுகிறது.

உடனே தரப்படுவது எவ்வளவு, பின்னால் தருவது எவ்வளவு, பின்னால் என்றால் எப்போது? இம்மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தவணை மஹரை ரூபாயில் எழுதாமல், தங்கம் அல்லது வெள்ளியின் எடையில் எழுதுவது நலம். இதற்கு நாடறிந்த ஒரு வழக்கு பாடமாக இருக்கிறது. 1932இல் மணமுடித்து 1978இல் தலாக் பெற்ற இந்தூரைச் சேர்ந்த ஷா பானு அம்மையாருக்கு, அவருடைய கணவர் மஹராக நீதிமன்றத்தில் செலுத்திய தொகை 3,000 ரூபாய். அந்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றி எழுந்த விவாதங்களை நாடே அறியும். அவற்றுக்குள் நாம் இங்கே புகவில்லை. 46 ஆண்டு இல்லற வாழ்வுக்குப் பின் ஒரு மூதாட்டியின் கைக்கு எட்டிய மஹரின் அளவை மட்டும் எண்ணிப் பாருங்கள். ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. 40 கிராம் தங்கமோ நாற்பது ஆண்டுக்குப் பின்னும் 40 கிராம் தங்கமாகவே இருக்கும்.

மஹரோடு ஒட்டிய மற்றொன்று நகைப் பட்டியல். கைக்கூலி வாங்குவது மார்க்கத்தில் ஆதாரமற்றது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும். அச்சட்டம் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். கைக்கூலியைக் கொடுப்பதும் வாங்குவதும் நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. எனினும், கேட்காமலே பெற்றோர் தம் மகளுக்கு அணிவித்து அனுப்பும் நகை யாருடையது? ஐயமின்றி அவளுடையது. அதைக் கணவன் தொழிலுக்கென்று வாங்கினால், அது கடன். மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பொருள், மதிப்பு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு பட்டியலிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்று 1985இல் மத்திய அரசு விதியே வகுத்தது. நம்மில் எத்தனை வீடுகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது? இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற நம் தமிழ்ச் சொல்லையே ஏற்று, மணமகனிடம் கொடுக்கப்பட்ட அப்பணத்தை மனைவி காதி மன்றத்தில் திரும்பக் கோர வழி செய்துள்ளது. அங்கும் முதற்கேள்வி, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதே. எழுத்து இல்லாதவிடத்து அக்கேள்விக்கு யார் விடை கூறுவார்?

மேல்நாடுகளில் செல்வர்கள் எழுதும் மண ஒப்பந்தத்துக்கும் நாம் கூறுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். இங்கிலாந்தில் 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை, மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவன் வசமே சென்றது. இன்றும் அங்கே அத்தகைய ஒப்பந்தங்கள், முறிவின்போது சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதையே முதன்மையாகப் பேசுகின்றன. இஸ்லாத்தில் மணத்தினால் மனைவியின் சொத்து கணவனுடையதாக ஆவதில்லை. எனவே நாம் எழுத வேண்டுவது சொத்துப் பிரிவினையை அன்று, பொறுப்புகளின் தெளிவை.

கணவன் தொலைவில் இருக்கும்போது

உறைவிடம், படிப்பு, வேலை ஆகிய மூன்றும் அடுத்து வருவன. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு பெண்ணை எண்ணிக் கொள்ளுங்கள். தேர்வு எழுதலாம் என்ற வாக்கின் பேரில் நிக்காஹ் நடக்கிறது. மணமான மறுமாதம், வீட்டு வேலைக்கு ஆளில்லை என்று படிப்பு நின்றுபோகிறது. “படிக்க வைப்போம் என்றுதானே சொன்னீர்கள்?” என்று பெண்ணின் தாயார் கேட்டால், “பார்க்கலாம் என்றுதான் சொன்னோம்” என்று விடை வருகிறது. இரு தரப்பிலும் பொய்யர் என்று எவரும் இல்லாமல் இருக்கலாம். ஒரே சொல் இரு காதுகளில் இரு பொருளாய் விழுந்திருக்கலாம். எழுத்து அந்தக் குழப்பத்தை நிக்காஹுக்கு முன்பே வெளிக்கொண்டு வந்து விடும்.

இவற்றினும் கடியது, கணவன் தொலைவில் இருக்கும் இல்லறம். கடலோரத்தில் வாழும் நம் மக்களுக்குப் பிரிவு புதிதன்று. கப்பலில் ஏறும் ஒரு மாலுமியின் உரிமைகளைப் பாருங்கள். 2006இல் உருவாகி, 2015இல் இந்தியா ஏற்றுக் கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, அவர் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், கையொப்பமிடுமுன் ஆலோசனை கேட்கவும் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். கையெழுத்தான மூலப்படி ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். ஊதியத்தைக் குடும்பத்துக்கு அனுப்பவும் வழி செய்து தர வேண்டும். கடலில் செல்லும் கணவனுக்கு இத்தனை எழுத்துக் காப்பு இருக்க, கரையில் காத்திருக்கும் மனைவிக்கு ஒரு வரிக் காப்பும் இல்லாதிருப்பது முறையாகுமா?

கணவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமற் போனால், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி நான்கு ஆண்டுகள் கழித்தே மனைவி அக்காரணத்தின் பேரில் நீதிமன்றம் செல்ல முடியும். தீர்ப்புக் கிடைத்த பின்னும் அது நடப்புக்கு வர ஆறு மாதம் ஆகும். செலவுக்குக் கொடாமல் கைவிட்டதைக் காரணம் காட்டுவதாயின், இரண்டு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு இவை எவ்வளவு நீண்ட காலம்!

அச்சட்டம் வருவதற்கு முன்பே இத்துயருக்கு வழி தேடியவர்கள் உலமாக்களே. மௌலானா அஷ்ரப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார்கள். காணாமற்போன கணவனின் மனைவிக்கு மாலிகி மத்ஹபிலிருந்து தீர்வு எடுத்துக் காட்டியதோடு, குறிப்பிட்ட நிலைமைகளில் மனைவியே தன்னை விடுவித்துக் கொள்ளும் அதிகாரத்தைக் கணவன் மண ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் முறையையும் அதில் விளக்கினார்கள். இதனை ‘தப்வீள்’ என்பர். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 28, 29ஆம் வசனங்களின்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கே தேர்ந்து கொள்ளும் உரிமையை வழங்கியதும், அன்னையர் அனைவரும் அல்லாஹ்வையும் அவன் தூதரையுமே தேர்ந்து கொண்டதும் நாம் அறிந்ததே.

ஹனபி முறையில் இதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தத்தின்போதே இதைச் சேர்ப்பதாயின், நிபந்தனையோடு கூடிய முன்மொழிவு பெண் தரப்பிலிருந்து வர வேண்டும். மணமகன் அதை ஏற்க வேண்டும். முறை மாறினால் அதிகாரம் கைகூடாது. ஷாபிஈ முறையிலோ, நிக்காஹ் முடியுமுன் கூறப்படும் நிபந்தனைத் தலாக்குக்கு மதிப்பில்லை. ஆகவே ஷாபிஈகள் வாழும் மலேசியாவில், நிக்காஹ் முடிந்த பிறகு மணமகன் ‘தஃலீக்’ வாசகத்தைப் படித்துக் கையொப்பமிடுகிறார். குறிப்பிட்ட காலம் மனைவியை விட்டுச் சென்றாலோ, செலவுக்குக் கொடாவிட்டாலோ, அவள் ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு மெய்ப்பித்தால் ஒரு தலாக் நிகழும் என்பது அதன் சாரம். இந்தோனேசியாவில் அத்தகைய வாசகம் திருமணப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விட்டுச் செல்வதும், மூன்று மாதம் செலவுக்குக் கொடாமையும் அதில் அடங்கும். பாகிஸ்தானிலும் வங்காளதேசத்திலும் நிக்காஹ் படிவத்தின் 18ஆம் கட்டமே, கணவன் இந்த அதிகாரத்தை ஒப்படைத்தானா என்று கேட்கிறது.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இதை அறியாதவை அல்ல. 1882இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம், குறித்த நிலைமைகளில் மனைவி தன்னை விடுவித்துக் கொள்ளலாம் என்ற மண உடன்பாட்டை ஏற்றது. 1950இலும் அதே நீதிமன்றம் அத்தகைய அதிகாரத்தை ஒப்புக் கொண்டது. 1950களில் அஸ்ஸாம் உயர் நீதிமன்றமும், முன்னைய மனைவியரை இவளுடைய சம்மதமின்றி வீட்டுக்கு அழைத்து வருவதில்லை என்ற உடன்பாட்டைச் சார்ந்து தப்வீளைச் செல்லுபடியாக்கியது. அனைத்திந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமும் 2005இல் போபாலில் மாதிரி நிக்காஹ்நாமா ஒன்றை வெளியிட்டது. வழி காட்டுவோர் இல்லாமற் போகவில்லை, நடப்போரைத்தான் காணவில்லை.

மூன்று தடைகள்

முதல் தடை, எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே என்பது. சொந்தச் சகோதரனுக்குக் கடன் கொடுத்தாலும் எழுதிக் கொள்ளச் சொல்வது திருமறை. அது நம்பிக்கையைக் குலைப்பதற்கன்று. ஐயம் எழாமல் காப்பதற்கு என்ற காரணத்தையும் அந்த வசனமே தருகிறது. நேர்மையான மாப்பிள்ளைக்கு எழுத்தினால் இழப்பு ஒன்றும் இல்லை. வாயால் சொன்னதை எழுத மறுப்பவர், அதைச் சொன்னபோதே நிறைவேற்ற எண்ணவில்லையோ என்று பெண்ணின் தந்தை கருதினால் அதில் பிழையென்ன?

இரண்டாவது, தலாக்கின் அதிகாரத்தைப் பெண்ணிடம் கொடுத்தால் வீடு நிலைக்குமா என்பது. தப்வீளினால் கணவனின் உரிமை பறிபோவதில்லை. எழுதிய நிலைமை ஏற்பட்டாலன்றி மனைவிக்கும் அந்த அதிகாரம் வருவதில்லை. செலவுக்கு அனுப்பி, நலம் விசாரித்து வாழும் கணவனின் வீட்டில் அந்த வரி என்றும் உறங்கியே கிடக்கும்.

மூன்றாவது தடையே பெரிது. “அதிகம் கேட்டால் வந்த மாப்பிள்ளை போய்விடுவார்” என்ற பெற்றோரின் அச்சம் அது. உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து மகளைக் கரையேற்ற நினைக்கும் தந்தையின் மனத்தை நாம் அறியாதவர் அல்லர். ஒரு வீட்டார் மட்டும் கேட்டால் அது குறையாகத் தெரியும். மஹல்லா முழுவதற்கும் ஒரே வழக்கமானால் எவரும் குறை கூற முடியாது. எனவே இந்தச் சுமை தனி ஒரு தந்தையின் தோளில் விழலாகாது. ஜமாஅத்தார் இதைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மஹல்லாவின் நிர்வாகிகளுக்கும் இமாம்களுக்கும் நம் வேண்டுகோள் இது: நிக்காஹ் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இரு வீட்டாரிடமும் ஒரு படிவத்தைக் கொடுங்கள். மஹரின் எடையும் தவணையும், நகைப் பட்டியல், உறைவிடம், படிப்பும் வேலையும், வெளியூர் அல்லது கடல் பயணத்தின்போது மாதச் செலவு எவ்வளவு, யார் மூலம் என்பது, பிணக்கு ஏற்பட்டால் அந்நிஸாவின் 35ஆம் வசனப்படி இரு தரப்பிலிருந்தும் நியமிக்கத்தக்க நடுவர்கள், தப்வீள் அல்லது தஃலீக் வாசகம். இத்தனைக்கும் இரண்டு பக்கத் தாள் போதும். முன்னைய திருமணம், பெருங்கடன், நாட்பட்ட நோய் ஆகியவற்றை மறைக்காமல் கூறவும் அதில் இடம் ஒதுக்குங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நியாயமான கோரிக்கைகள் இருக்கும். அவற்றுக்கும் இடம் கொடுங்கள்.

மணமகளே அதைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். அவளுக்காகத் தந்தை தலையசைத்தால் போதாது. வாசகத்தை அவரவர் மத்ஹபின் ஆலிமிடமும், ஒரு வழக்கறிஞரிடமும் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள். ஏனெனில் ஷரீஅத்துக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் ஒவ்வாத வாக்கியம் எழுதியும் பயன்படாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் உரியது. 90 நாட்களுக்குள் அரசுப் பதிவையும் முடித்து விடுங்கள். தனியார் அமைப்புகள் வழங்கும் குல்உச் சான்றிதழ் செல்லாது. நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் கொள்ளுங்கள். நீதிமன்றத்தின் முன் நிற்க நேரும் பெண்ணிடம் கையொப்பமான ஓர் உடன்படிக்கை இருப்பதற்கும், வெறுங்கையோடு அவள் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

பெற்றோர்களே! பந்தலுக்கும் பிரியாணிக்கும் மாதக் கணக்கில் திட்டமிடுகிறீர்கள். அவற்றுள் ஒரு மாலைப் பொழுதை இந்தத் தாளுக்கு ஒதுக்குங்கள். மணமகனாகப் போகும் இளைஞரே! பெண் வீட்டார் கேட்குமுன் நீரே எழுதிக் கொண்டு செல்லும். மூஸா (அலை) அவர்கள் தம் கடமையைத் தாமே எடுத்துச் சொல்லி, அல்லாஹ்வைப் பொறுப்பாளனாக்கியது போல நீரும் செய்தால், உம் இல்லறத்தின் முதல் நாளே வாய்மையில் தொடங்கியதாகும். மணமகளே! உன் மஹரும் உன் நிபந்தனையும் எவரிடமும் இரந்து பெறும் சலுகை அல்ல. உன்னைப் படைத்தவன் உனக்கு அளித்த உரிமை. நாணத்தின் பெயரால் அதை விட்டுவிடாதே.

வாக்களித்தால் காப்பவர்களாகவும், எழுதினால் நேர்மையாக எழுதுபவர்களாகவும் நம்மை ஆக்கி, நம் மக்களின் இல்லறங்களில் அன்பையும் கருணையும் நிலைக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.